பதிவு வேறு, விலக்கு வேறு!

கே: டிரஸ்ட் பதிவு செய்தாயிற்று. இனி வருமான வரி கிடையாதுதானே? (திருப்பூர் வாசகர்)

ப: பத்திர ஆபீஸ் கொடுத்தது பிறப்புச் சான்றிதழ் மாதிரி. டிரஸ்ட் பிறந்திருக்கிறது, அவ்வளவுதான். அதன் வருமானத்துக்கு விலக்கு வேண்டுமென்றால் வருமான வரித் துறையில் 12ஏபி பதிவு வாங்க வேண்டும். உங்களுக்கு நன்கொடை தருகிறவருக்கு வரிக் கழிவு கிடைக்க 80ஜி ஒப்புதல் தனி. இவற்றுக்கு ஆயுட்காலம் முழுக்க செல்லுபடி என்பதெல்லாம் 2021 ஏப்ரலோடு போயிற்று; கெடு முடியுமுன் புதுப்பித்தாக வேண்டும். நல்ல காரியம் செய்துகொண்டிருந்த எத்தனையோ சின்ன அமைப்புகள் இந்தத் தேதியைக் கோட்டைவிட்டுத் தவிக்கின்றன. அலுவலகச் சுவரில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். (2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் என்பதால் பிரிவு எண்களும் படிவ எண்களும் வேறு. எல்லோர் வாயிலும் புழங்கும் பழைய எண்களையே இங்கே சொல்கிறேன்.)

கே: அறக்கட்டளையா, சங்கமா? எது நல்லது? (தஞ்சாவூர் வாசகி)

ப: சொத்தோ பணமோ ஒதுக்கி, நாலைந்து பேர் பொறுப்பில் விடுவதானால் அறக்கட்டளை. உறுப்பினர், தேர்தல், பொதுக்குழு எல்லாம் வேண்டுமென்றால் சங்கம். 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி குறைந்தது 7 பேர் வேண்டும். வருடா வருடம் பொதுக்குழுவைக் கூட்டி, கணக்கை மாவட்டப் பதிவாளருக்கு அனுப்ப ஓர் ஆள் இருக்கிறாரா? இல்லையென்றால் சங்கம் வேண்டாம்.

கே: லாப நோக்கற்ற அமைப்பு லாபம் பார்க்கலாமா? (மதுரை வாசகர்)

ப: மிச்சம் பிடிக்கலாம், பங்கு போடக் கூடாது. பொதுவாக வருமானத்தில் 85 சதவீதத்தை அந்த ஆண்டே நோக்கத்துக்குச் செலவிட வேண்டும். கட்டடம் கட்ட, ஆம்புலன்ஸ் வாங்கச் சேர்க்க வேண்டுமா? காரணத்தை எழுதிக் கொடுத்து 5 ஆண்டு வரை சேர்க்கலாம். வேலை செய்கிற நிர்வாகிக்கு வேலைக்கேற்ற சம்பளமும் தரலாம். டிரஸ்ட் பணத்தில் தலைவர் மகனுக்குக் கார் வாங்கினால், அங்கேதான் விலக்குக்கு வேட்டு.

கே: முதியோர் இல்லத்துக்கு 10,000 ரூபாய் கொடுத்தேன். வரியில் 10,000 குறையும் என்கிறார் வசூலுக்கு வந்தவர். உண்மையா? (சேலம் வாசகி)

ப: இல்லையம்மா. அவரும் தெரியாமல்தான் சொல்லியிருப்பார். இந்த மாதிரி அமைப்புகளுக்குக் கொடுத்ததில் பாதி, அதாவது 5,000 ரூபாய், உங்கள் வருமானத்திலிருந்து கழியும், வரியிலிருந்து அல்ல. நீங்கள் 20 சதவீத வரி கட்டுகிறவர் என்றால் மிச்சம் 1,000 ரூபாய், செஸ்ஸையும் சேர்த்தால் 1,040. அதுவும் பழைய வரி முறையில் இருந்தால்தான். புதிய முறைக்கு மாறியிருந்தால் இந்தக் கழிவே இல்லை. ரொக்கமாகக் கொடுத்தீர்களா? 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் என்றால் அதற்கும் இல்லை. வெறும் ரசீதும் போதாது. அந்த இல்லம் உங்கள் பெயர், பான் எண்ணோடு துறைக்குக் கணக்கு அனுப்பி, 10பிஇ என்ற சான்றிதழை மே 31க்குள் உங்களுக்குத் தர வேண்டும். கேட்டு வாங்குங்கள்.

கே: நான் 10 மூட்டை அரிசியாகக் கொடுத்தேனே? (தேனி வாசகர்)

ப: பசித்த வயிறு நிறைந்திருக்கும். வரிக் கழிவு பணமாகக் கொடுத்தால் மட்டுமே.

கே: எங்கள் சமூகப் பிள்ளைகளுக்கு மட்டும் படிப்பு உதவி தர டிரஸ்ட் தொடங்குகிறோம். விலக்கு உண்டா? (விருதுநகர் வாசகர்)

ப: ஒரு குறிப்பிட்ட சாதிக்கோ மதத்துக்கோ மட்டும் என 1962 ஏப்ரலுக்குப் பிறகு தொடங்கிய அறக்கட்டளைக்கு விலக்கு மறுக்கப்படும். பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், பெண்கள், குழந்தைகளுக்கானது என்றால் இந்தத் தடை இல்லை. என்னைக் கேட்டால், ‘ஏழை மாணவர்களுக்கு’ என்று பத்திரத்தில் எழுதுங்கள். உங்கள் பிள்ளைகளும் அதில் வருவார்கள், பக்கத்துத் தெருப் பிள்ளையும் வரும்.

கே: சிங்கப்பூரில் இருக்கும் என் அக்கா மகன் எங்கள் டிரஸ்டுக்குப் பணம் அனுப்பலாமா? (புதுக்கோட்டை வாசகி)

ப: முதலில் அவர் கையில் எந்த நாட்டுப் பாஸ்போர்ட் என்று கேளுங்கள். இந்தியப் பாஸ்போர்ட் என்றால், தன் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பலாம். அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கிவிட்டாரா? ரத்த சொந்தமானாலும் சட்டத்தின் கண்ணில் அது வெளிநாட்டுப் பணம். எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. பதிவு கிடைத்தாலும் பணம் முதலில் வந்து சேர வேண்டிய இடம் புதுடெல்லி ஸ்டேட் பேங்க் பிரதானக் கிளையில் உங்கள் டிரஸ்ட் பெயரில் திறக்கும் கணக்கு. உள்ளூர்க் கணக்கு அல்ல.

கே: வீட்டுக்கு வந்து நன்கொடை கேட்கிறார்கள். எப்படி நம்புவது? (கோவை வாசகி)

ப: பான் எண்ணையும் 80ஜி ஒப்புதல் எண்ணையும் கேளுங்கள். போன வருடத்துத் தணிக்கைக் கணக்கையும் கேளுங்கள். கேட்பது அவமரியாதை அல்ல. எங்கள் ஊர் நூலகச் சங்கத்தில் ஒரு பொருளாளர் இருந்தார். பூக்கார அம்மா தரும் 10 ரூபாய்க்கும் கார்பன் வைத்து ரசீது எழுதுவார். அந்த அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ரசீதை அவருக்குப் படித்துக் காட்டிவிட்டுத்தான் கிழித்துக் கொடுப்பார்.