யானை பார்க்கப் போற மருமகனுக்கு

வாங்க மருமகன், இரிங்க. நாளைக்கு விடிய ஜீப்பாம், புள்ளையளோட குமணக்கு யானை பார்க்கப் போறீங்களாம். உங்கட அம்மா சொன்னா. நல்ல முன்னேற்றம். வினாயகபுரத்தில பிறந்த ஒருத்தர் யானை பார்க்கக் காசு கட்டிப் போற காலமும் வந்திட்டு. எங்கட காலத்தில யானைதான் எங்களைப் பார்க்க வரும். வேளாண்மை குடலையாகக்குள்ள அதுகளுக்கு ஆர் தந்தி அடிக்கிறாங்களோ தெரியா, ராவோட ராவா வட்டைக்குள்ள வந்து நிக்கும்.

கொழும்புக்காரருக்குப் புத்தி சொல்ல நான் ஆர்? ஆனா தாய்மாமன் எண்டு ஒரு பதவி இருக்கே, அதுக்காக நாலு சொல்றன்.

முதலாவது, உங்கட அந்தப் பாட்டுப் பெட்டி. கட்டாயம் கொண்டு போங்க. யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே எண்டு சொல்லுவாங்க. உங்கட மணியோசை பாணமையில கேட்டா, யானை கும்புக்கன் ஆத்துக்கு அங்கால போய் நிண்டு ரசிக்கும். சேட்டும் நல்ல செக்கச் சிவப்பாப் போடுங்க. யானைக்குக் கண் மட்டம்தான், பறவைக்கு அப்பிடி இல்ல. சென்ட்டும் அடிங்க. யானைட மூக்கு எம்மட்டு நீளம் எண்டு உங்கட மகள்ட படப் புத்தகத்தில பார்த்திருப்பீங்க. அது அழகுக்கு வச்சதில்ல.

ரெண்டாவது, அவசரப்படாதீங்க. எட்டு மணிக்கு எழும்பி, இடியப்பமும் சொதியும் ஆறுதலாச் சாப்பிட்டு, அறுகம்பேயில இறங்கி நாலு படம் எடுத்து, உகந்தைக் கேட்டடிக்குப் போக உச்சி வெயில் வந்திரும். அந்நேரம் காட்டில வெளிய நிக்கிறது எருமையும் உங்களைப் போல ஆக்களும்தான். யானை நிழலுக்குள்ள. சிறுத்தை எங்க எண்டு மரத்துக்கும் தெரியா. ஜீப் ஓட்டுற பொத்துவில் காக்கா, "விடியச் சாமம் வெளிக்கிடுவம் தம்பி" எண்டு சொன்னா, பாவம், அவருக்கு நித்திரை வராத வருத்தம் எண்டு நினைச்சுக்கங்க.

மூணாவது, குமணக்குப் போய் "யானை எங்க, சிறுத்தை எங்க" எண்டு காக்காட உயிரை வாங்குங்க. அங்கத்தைய சொத்து பறவை. அதைப் பார்க்காம வந்தாத்தான் போய் வந்ததுக்கு அடையாளம். கண்டல் மரம் சூழ்ந்த குமண வில்லு இருநூறு ஹெக்டேயர் மட்டில இருக்கும். 1938லயே அதைப் பறவைகள் சரணாலயம் எண்டு அறிவிச்சாங்க. பிறகு யால கிழக்கு எண்டு தேசியப் பூங்காவாச்சு. 2006லதான் குமண எண்டு பேர் மாத்தினது. நடுவில சண்டையால 1985 தொடக்கம் 2003 வரைக்கும் மூடிக் கிடந்த. பதினெட்டு வருசம்! ஆக்களைக் காணல்லயே எண்டு ஒரு நாரையாவது அழுததா நான் கேள்விப்படல்ல.

அந்த நாரையத்தான் பாருங்க மகன். மஞ்ச மூக்கு நாரை. சேத்துத் தண்ணிக்குள்ள அலகை அரைவாசி திறந்து வச்சிருக்கும். ஒரு காலால சேத்தைக் கிளறும். கண்ணால தேடுறதில்ல. மீன் அலகில தட்டினதும் 'டப்' எண்டு மூடும். அதைக் காணக் காமணித்தியாலம் வாய் மூடி இருக்க வேணும். அதுதான் உங்களுக்குச் சரிவராதே.

கதிர்காமத்துக்கு நடந்து போற சனத்தைக் கேட்டுப் பாருங்க. உகந்தை முருகனைக் கும்பிட்டுட்டு அதே காட்டுக்குள்ளாலதான் அவங்களும் போறாங்க. தலையில பொதி, கையில தண்ணிப் போத்தல். யானை வழியில நிண்டா "அரோகரா" எண்டு சொல்லி ஒதுங்கி நிப்பாங்க. நீங்க "செல்பி" எண்டு சொல்லிக் கிட்டப் போவீங்க. ரெண்டும் சாமி பார்க்கிற வழிதான். ஒண்டில திரும்பி வரலாம்.

நாலாவது, யானைதான் வேணும் எண்டு அடம்புடிச்சா, பொத்துவிலால மொனறாகலை ரோட்டில திரும்பி லகுகல குளத்துக்குப் போங்க. 1980ல தேசியப் பூங்காவாக்கின இடம், 1,554 ஹெக்டேயர்தான், சின்னக் காடு. ஆடி ஆவணி வறட்சியில குளம் வத்தக்குள்ள புல்லுக்காகக் கூட்டம் கூட்டமா வரும். கொம்பன் கிடைக்கும் எண்டு நேத்தி வைக்காதீங்க. எங்கட நாட்டு ஆண் யானையில நூத்துக்குப் பத்துக்குக்கூடக் கொம்பில்ல, மிச்சமெல்லாம் அலியன். அது புல்லுத் தின்னுற விதத்தைப் புள்ளையளுக்குக் காட்டுங்க. தும்பிக்கையால ஒரு புடி புடுங்கும். உடனே வாயில வைக்காது. முன்னங்காலில அடிச்சு, வேரில இருக்கிற சேறெல்லாம் உதிர்ந்த பிறகுதான் வாய்க்குள்ள போகும். கை கழுவாமச் சாப்பிடுற உங்கட மூத்தவனுக்கு நல்ல பாடம்.

அவ்வளவு சுத்தக்காரன்தான் இப்ப நம்மட குப்பையைத் தின்னுறான், மருமகன். சோத்துப் பார்சல் சுத்தின லன்ச் சீட்டைக் காட்டோரம் எறிஞ்சா, யானை அதைக் காலில அடிச்சு உதறாது. கறி வாசம் இருக்கே, அப்பிடியே விழுங்கும். பள்ளக்காட்டுக் குப்பை மேட்டைக் கேள்விப்பட்டிருப்பீங்க. நம்மட அம்பாறை மாவட்டம்தான். எட்டு வருசத்தில இருபது யானை மட்டில பிளாஸ்டிக் தின்டு செத்த எண்டு 2022ல உலகமெல்லாம் செய்தி. செத்த யானைட வயித்தை வெட்டிப் பார்த்தா சொப்பிங் பேக்கும் லன்ச் சீட்டும். நம்மட ஊர்ப்பேர் உலகத்துக்குத் தெரிஞ்ச விதம் அது. நீங்களும் ஒரு பை எறிஞ்சிட்டு வந்தா அந்தப் பெருமையில உங்களுக்கும் பங்கு கிடைக்கும்.

சரி, நேரமாச்சு, போய்ப் படுங்க. நாளைக்கு ஒண்டையும் காணாம வந்தா வெக்கப்பட வேணாம், நேர என்ட வட்டைக்கு வாங்க. வேளாண்மை வெட்டுக்குக் கிட்ட. பரண் இருக்கு, லைட் இருக்கு, யானை வெடியும் ரெண்டு இருக்கு. ரா முழுக்க நீங்க காவல் இரிங்க, யானை நிச்சயம். நான் வீட்டில படுக்கிறன். டிக்கெட் வேணாம். சோறு மட்டும் நீங்க கொண்டு வாங்க, லன்ச் சீட்டில இல்ல, வாழை இலையில.