சேர்த்தலும் விலக்கலும்: ஆர்சிங்க் வடிகட்டி விதிகள் குறித்த ஓர் ஆராய்ச்சி

ஒரு கணினியின் கோப்புகளை இன்னொன்றோடு ஒத்திசைக்கும் ஆர்சிங்க் என்னும் கருவியை ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல், பால் மெக்கராஸ் இருவரும் 1996இல் வெளியிட்டனர். எதை எடுப்பது, எதை விடுவது என்று அதற்குச் சொல்ல 'சேர்', 'விலக்கு' என இருவகை விதிகள் உண்டு. இவ்விரண்டும் எளியவை என்னும் நம்பிக்கையே இத்துறையின் முதன்மை ஆய்வுப்பொருள்.

1. வரிசையியல்: விதிகள் மேலிருந்து கீழாகப் படிக்கப்படும். முதலில் பொருந்தும் விதியே தீர்ப்பு. அதற்குக் கீழுள்ளவை ஏறெடுத்தும் பார்க்கப்படா. எதிலும் பொருந்தாத கோப்பு தாராளமாகச் சேர்க்கப்படும். எனவே 'சேர் *.ஜேபிஜி' என்று மட்டும் எழுதியவருக்குப் படங்களோடு, எதற்கென்றே மறந்துபோன ஜிப் கோப்புகளும் வந்திறங்கும்.

2. பெற்றோர் இயல்: மேற்படியார் விழித்துக்கொண்டு 'விலக்கு *' என்பதைச் சேர்க்கிறார். அதை முதலில் வைத்தால் எதுவும் வராது. கடைசியில் வைத்தால் உட்கோப்புறைப் படங்கள் வரா. நட்சத்திரக்குறி கோப்புறைகளுக்கும் பொருந்தும்; விலக்கிய கோப்புறைக்குள் ஆர்சிங்க் நுழைவதே இல்லை. மண்டப வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டவருக்குப் பந்தியில் இலை போட்டு என்ன பயன்? ஆகவே சரியான வரிசை: 'சேர் */', 'சேர் *.ஜேபிஜி', 'விலக்கு *'. அப்போதும் கேமரா பின்னொட்டைப் பெரிய எழுத்தில் இட்டிருந்தால் அந்தப் படங்கள் வெளியில்தான் நிற்கும்.

3. சாய்கோட்டியல்: முன்னால் வரும் சாய்கோடு, பரிமாற்றம் தொடங்கும் இடத்தைக் குறிக்கும், கணினியின் வேரை அன்று. பின்னால் வந்தால் விதி கோப்புறைகளுக்கு மட்டுமே. ஒற்றை நட்சத்திரம் சாய்கோட்டைத் தாண்டாது. இரட்டை நட்சத்திரம் தாண்டும்.

4. மாற்று மரபு: நிரல்களின் பதிப்புகளைப் பேணும் கிட் கருவியின் புறக்கணிப்புப் பட்டியலில், ஒரே கோப்பில் எழுதிய விதிகளுள் கடைசியாகப் பொருந்துவதே வெல்லும். இரண்டையும் பழகியவர் இரண்டிலும் தவறுவார். கோப்புறையை விலக்கிவிட்டால் உள்ளிருக்கும் கோப்பை மீட்க முடியாது என்பதில் மட்டும் இரு மரபினருக்கும் கருத்து வேறுபாடில்லை.

5. அழித்தலியல்: மூலத்தில் இல்லாதவற்றைச் சேருமிடத்தில் அழிக்கச் சொன்னாலும், விலக்கப்பட்டவை அங்கே பிழைத்திருக்கும். அவற்றையும் துடைக்கத் தனி ஆணை தேவை. அதைப் பிறப்பிக்குமுன் வெள்ளோட்டம் பார்ப்பது மரபு: எதையும் தொடாமல், நடக்கவிருப்பதைப் பட்டியலிடும் வசதி அது. அதற்குரிய கட்டளை ஒரு கழித்தல் குறியும் ஓர் எழுத்துமே. பெரும்பாலும் அது நினைவுக்கு வருவது அழித்து முடித்த பிறகு.