காட்ஸில்லாவுக்கு விசா

1954 மார்ச்சில் பிகினி தீவில் அமெரிக்கா ஹைட்ரஜன் குண்டை வெடித்துப் பார்த்தது. சாம்பல் விழுந்தது ஜப்பானிய மீன்பிடிப் படகு ஒன்றின் மேல். அதே ஆண்டு நவம்பரில் இஷிரோ ஹோண்டாவின் 'கோஜிரா', அதாவது காட்ஸில்லா படம், வெளியானது: குண்டு எழுப்பிவிட்ட பூதம், எரியும் டோக்கியோ, கதிர்வீச்சு பட்ட குழந்தைகள். கோபம் யார்மேல் என்று படத்தில் சொல்லவில்லை, சொல்லவும் வேண்டியிருக்கவில்லை.

இதை அமெரிக்கர்களுக்கு எப்படிக் காட்டுவது? 1956இல் வழி கண்டார்கள். அணுகுண்டுப் பேச்சில் கணிசமாகக் கத்தரி போட்டு, ரேமண்ட் பர் என்ற நடிகரை அமெரிக்க நிருபராக உள்ளே செருகினார்கள். பாவம் மனிதர், யாரோ சிலரின் பின்னந்தலைகளைப் பார்த்தே பேசிக்கொண்டிருப்பார். சோதனைகள் தொடர்ந்தால் இன்னொரு பூதம் வரும் என்று மூலத்தில் ஒரு விஞ்ஞானி கடைசியில் எச்சரிப்பார். புதிய படத்தில் அந்த இடத்தில் நம் நிருபர், உலகம் இனி நிம்மதியாக வாழலாம் என்கிறார். குண்டு வைத்திருந்தவர்களுக்கு எவ்வளவு ஆறுதல்!

1984இல் ஜப்பான் மறுபடி ஒரு காட்ஸில்லா எடுத்தது. அதில் கப்பலில் இருக்கும் சோவியத் அதிகாரி ஒருவர், தானாகக் கிளம்பப்போகும் அணு ஏவுகணையைத் தடுக்கப் போராடி உயிரை விடுகிறார். மறு ஆண்டு அமெரிக்கத் திரையில் அதே அதிகாரி, அதே கப்பல். ஆனால் இப்போது ஏவுகணையை வேண்டுமென்றே ஏவிவிட்டுத்தான் சாகிறார். ரீகன் காலம், வேறென்ன செய்வார்? பென்டகன் காட்சிகளில் ரேமண்ட் பர் மீண்டும் ஆஜர். கூடவே டாக்டர் பெப்பர் குளிர்பானமும்.