வாங்காத துப்பாக்கிக்குப் பேரம்

பெயர்பெற்ற கம்பெனியின் விலையைக் கேட்பது, கேட்டதும் மூக்கின் மேல் விரலை வைப்பது, பிறகு குரலைத் தாழ்த்தி "இதே மாதிரி, கம்மியா வேற எதுனா இருக்குதா?" என்று விசாரிப்பது. எங்கள் வம்சத்தில் இந்தச் சடங்கு இல்லாமல் எந்தப் பொருளும் வீட்டுக்குள் வந்ததில்லை. கிணற்று மோட்டார், தையல் மிஷின், மாப்பிள்ளைக்குப் போட்ட கைக்கடிகாரம், எல்லாமே அப்படி வந்தவைதான். எனவே வின்செஸ்டர் துப்பாக்கி மேல் எனக்கு ஆசை முற்றியபோது, அதற்கும் மலிவாக ஒரு மாற்று தேடக் கிளம்பியதில் அதிசயம் இல்லை. என்னைப் போன்ற ஆள் இந்த நாட்டில் அசலையும் வாங்க முடியாது, மாற்றையும் வாங்க முடியாது என்பது வேறு விஷயம். அதற்காகச் சிக்கனத்தை விட்டுவிட முடியுமா?

ஆசையைக் கிளப்பிவிட்டது சிவகாசி. பட்டாசு இல்லை, லயன் காமிக்ஸ். எண்பதுகளின் நடுவிலிருந்து டெக்ஸ் வில்லர் தமிழ் பேசிக்கொண்டிருக்கிறார். திண்டிவனம் பஸ் நிலையத்துப் புத்தகக் கடையில் வாரப் பத்திரிகைகளுக்கு நடுவே கயிற்றில் தொங்குவார். டெக்ஸ், கார்சன், மகன் கிட், டைகர் ஜாக் என்று பாறைக்குப் பின்னால் நாலு பேர். எதிரே குதிரைகளில் நாற்பது பேர். அடுத்த பக்கத்தில் நாற்பது குதிரைகள் மட்டும் இருக்கும். அதற்குக் காரணம் வின்செஸ்டர். விசைக்குக் கீழே தொங்கும் வளையத்துக்குள் விரல்களை விட்டு ஒரு தள்ளு, ஒரு இழுப்பு; காலித் தோட்டா வெளியே தெறிக்கும், புதுத் தோட்டா உள்ளே ஏறும். துப்பாக்கியைத் தோளிலிருந்து இறக்கவே வேண்டாம். கர்ணன் இயக்கத்தில் 'கங்கா'வில் ஜெய்சங்கர் குதிரை ஏறிய 1972 முதல், 'இரும்புக்கோட்டை முரட்டு சிங்கம்' வந்த 2010 வரை, தொப்பி போட்ட தமிழர்களைத் திரையில் பார்த்தும் வளர்ந்தவன் நான். ஆனாலும் அந்த நெம்புகோலின் சத்தத்தை எனக்குக் காதில் ஏற்றியது அச்செழுத்துதான்.

இதெல்லாம் என்னோடு போயிருக்கும். செஞ்சிப் பக்கம் மல்லாட்டை போட்டிருக்கும் என் தாய்மாமன் ஒருநாள் விடிகாலையில் போன் செய்தார். காட்டுப்பன்றி இறங்கி அரை ஏக்கரை உழுதுவிட்டுப் போயிருந்தது.

"மாப்ள, நீ படிச்சவன். நல்லதா ஒரு துப்பாக்கி பாரு. வெல மட்டும் கம்மியா இருக்கணும்."

இப்படி ஒரு உத்தரவுக்காகத்தான் நான் பள்ளிக்கூட நாளிலிருந்து காத்திருந்தேன். நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, கோடு போட்டு, விலை, ஊர், குணம், குறை என்று கட்டம் கட்டினேன்.

முதல் கட்டத்தில் அசல். ஆலிவர் வின்செஸ்டர் துப்பாக்கி செய்யத் தெரிந்தவரே இல்லை. அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் சட்டை தைத்து விற்ற முதலாளி. 1850-களில் தள்ளாடிக்கொண்டிருந்த ஒரு துப்பாக்கிக் கம்பெனியில் பணம் போட்டார். போட்ட பணத்தைக் காப்பாற்ற அந்தக் கம்பெனியையே கையில் எடுத்துக்கொண்டார். அங்கே வேலை பார்த்த பெஞ்சமின் டைலர் ஹென்றி 1860-ல் நெம்புகோல் துப்பாக்கி ஒன்றை உருவாக்கினார். 1866-ல் கம்பெனிக்கு முதலாளியின் பெயர் வந்தது. தொழிலாளி வடிவமைத்தான், முதலாளி பெயர் நின்றது. இதில் அமெரிக்கா, திண்டிவனம் என்ற வித்தியாசம் கிடையாது. அப்புறம் 1873 மாடல், 1892 மாடல், 1894 மாடல். பின்னிரண்டும் ஜான் பிரௌனிங் என்ற மேதையின் வேலை.

"சட்டக்காரன் செஞ்சதா? நல்லா தெச்சிருப்பான்" என்றார் மாமா.

சிக்கல் என்னவென்றால், நியூ ஹேவன் தொழிற்சாலையை 2006-லேயே மூடிவிட்டார்கள். இன்று வின்செஸ்டர் முத்திரையோடு வரும் நெம்புகோல் துப்பாக்கியைச் செய்து தருவது ஜப்பானில் உள்ள மிரோகு கம்பெனி. வேலைப்பாடு பிரமாதம் என்கிறார்கள். விலையும் ஆயிரம் டாலரைத் தாண்டிப் பிரமாதமாக இருக்கிறது. அசல் அமெரிக்க வீரத்தின் சின்னம் ஜப்பானிலிருந்து வருகிறது என்று தெரிந்ததும் என் மனசாட்சி லேசாகிவிட்டது. அசலே அசல் இல்லை எனும்போது நகலைத் தேடுவதில் என்ன குற்றம்?

அடுத்து மார்லின். 1870-ல் ஜான் மார்லின் தொடங்கிய கம்பெனி. வின்செஸ்டருக்கு நேர் போட்டி. 2007-ல் ரெமிங்டன் கைக்குப் போனது. அதற்குப் பிறகு வந்த சரக்கைப் பார்த்து அமெரிக்கர்களே வயிறெரிந்து 'ரெம்லின்' என்று பட்டப்பெயர் வைத்தார்கள். ரெமிங்டன் திவாலானதும் 2020-ல் ரூகர் கம்பெனி வாங்கித் தூக்கி நிறுத்தியது. இந்த வரலாற்றை நான் மூச்சுவிடாமல் சொல்லி முடித்ததும் மாமா ஒரே வரியில் தீர்ப்பளித்தார்: "மூணு கை மாறுன மாடு நமக்கு வாணாம்."

ஹென்றி? அந்தப் பெயரில் இன்று இருக்கும் கம்பெனிக்கும் பழைய பெஞ்சமின் டைலர் ஹென்றிக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. 1990-களில் நியூயார்க்கின் புரூக்ளினில் ஒரு அப்பாவும் மகனும் ஆரம்பித்தது. அவர்களுடைய .22 மாடல் விலை மலிவு, கைக்கு அடக்கம். ஆனால் அது அணில் அளவுக்குத்தான் தாங்கும். பன்றி அதைக் கொசுக்கடி என்று நினைத்துக்கொள்ளும். அணிலைச் சுட்டால் ராமருக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

நோட்டில் நான் இரண்டு முறை அடிக்கோடு போட்டது ரோஸிக்கு. பிரேசில் நாட்டுச் சரக்கு. பிரௌனிங்கின் 1892 மாடலை அச்சு அசலாகப் பார்த்துச் செய்தது. விலை வின்செஸ்டரைவிட வெகுவாகக் குறைவு. புதிதில் நெம்புகோல் கொஞ்சம் கரகரக்குமாம், பழகப் பழக வழுக்குமாம். எங்கள் வம்சத்துக்கென்றே செய்தது என்று தோன்றியது. இதில் இன்னொரு சந்தோஷம்: ரோஸி துப்பாக்கிகளைச் செய்யும் டாரஸ் கம்பெனி, ஜிண்டாலோடு கூட்டுச் சேர்ந்து ஹரியாணாவின் ஹிசாரில் தொழிற்சாலையே போட்டிருக்கிறது. அங்கே கைத்துப்பாக்கிக்குத்தான் முதல் மரியாதை என்றாலும், சம்பந்தி வீடு பக்கத்தில் வந்துவிட்ட தெம்பு எனக்கு.

இத்தாலியின் உபெர்ட்டியையும் சொல்லாமல் விடக் கூடாது. பழைய வின்செஸ்டர்களை அப்படியே நகலெடுத்துச் செய்வதில் அவர்கள் மன்னர்கள். டெக்ஸ் வில்லரே 1948-ல் இத்தாலியில் பிறந்தவர்தான். கதை எழுதியவர் இத்தாலிக்காரர், படம் வரைந்தவர் இத்தாலிக்காரர். ஆகவே டெக்ஸின் ரசிகன் இத்தாலி நகலை வாங்குவதுதான் முறை என்று மாமாவிடம் வாதாடினேன். விலையைக் கேட்டார். சொன்னேன். போனை வைத்துவிட்டார்.

இந்த ஆராய்ச்சி உச்சத்தில் இருந்த ஒரு ராத்திரி என் மனைவி நோட்டை எட்டிப் பார்த்தாள். "ஏங்க, ரோஸி யாரு?" என்றாள். விளக்கி முடிப்பதற்குள் சோறு ஆறிவிட்டது.

சட்டம் என்று ஒன்று இருப்பதை நினைவுபடுத்தியவர் விழுப்புரத்தில் இருக்கும் என் நண்பர். ஆயுத உரிமக் கோப்புகளோடு பல வருஷம் குடித்தனம் நடத்தி ஓய்வுபெற்றவர். நோட்டை முதலிலிருந்து கடைசி வரை படித்தார். பள்ளிக்கூட ஆய்வாளர் மாதிரி ஒரு கையெழுத்துகூடப் போட்டிருப்பார். போடாமல், மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு ஆரம்பித்தார்.

தனியாள் வெளிநாட்டிலிருந்து துப்பாக்கி தருவிக்க முடியாது. பெயர்பெற்ற துப்பாக்கி சுடும் வீரர் என்று அரசாங்கம் ஒப்புக்கொண்டால் கதை வேறு. எங்கள் பழைய தென்னாற்காட்டு மாவட்டத்தில் அந்தத் தகுதிக்கு ஆள் இல்லாமல் இல்லை. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் டோக்கியோ, பாரிஸ் என்று இரண்டு ஒலிம்பிக்கில் ஏர் ரைபிள் பிடித்தவர். என் விளையாட்டு வாழ்க்கை மயிலம் பங்குனி உத்திரத் திருவிழாவில் பலூன் சுடும் கடையோடு முடிந்தது. அன்றைக்கு அந்தக் கடைக்காரர் மிக மரியாதையாக, "சார், பலூன் இந்தப் பக்கம்" என்றார்.

சரி, உள்நாட்டுச் சரக்கு? அதில் ஒரு வரலாறு இருக்கிறது. .303 ராணுவத் தோட்டா என்பதால் வெள்ளைக்காரன் அதைப் பொதுஜனத்துக்குக் கொடுக்கவில்லை. சுதந்திரம் வந்த பிறகும் அது தடை செய்யப்பட்ட வகைதான். அதனால் .315 என்று ஒரு தோட்டா புழக்கத்துக்கு வந்தது. மேற்கு வங்கத்து இச்சாப்பூர் அரசுத் தொழிற்சாலை அந்த அளவில் ஒரு துப்பாக்கி செய்கிறது. பழைய லீ என்ஃபீல்டின் ஜாடை. கைப்பிடியைத் தூக்கி, பின்னால் இழுத்து, முன்னால் தள்ளி, கீழே மடக்க வேண்டும். நெம்புகோல் கிடையாது. டெக்ஸ் இதை வைத்திருந்தால் முதல் பக்கத்திலேயே கதை முடிந்திருக்கும். பல பத்தாண்டுகளாக நம் ஊரில் பெயர்பெற்ற கம்பெனி என்றால் அது அரசாங்கம்தான். அதற்கு மாற்று கேட்டுக் குரலைத் தாழ்த்தினால் கடைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

"பயிர்ப் பாதுகாப்புக்குன்னு தனியா எதுவும் இல்லையா?" என்று கேட்டேன்.

"ஏன் இல்ல? 1959 ஆயுதச் சட்டத்துலயே போட்டிருக்கான். பயிர் காக்க, வாய்வழியா மருந்து கெட்டிக்கிற துப்பாக்கி."

அதாவது குழல் வாயில் மருந்தைக் கொட்டி, கந்தலைத் திணித்து, குச்சியால் இடித்து, ரவையைப் போட்டு, மறுபடி இடித்து, கேப்பை வைத்துச் சுட வேண்டும். வின்செஸ்டர் வந்து எந்த அவஸ்தைக்கு முடிவு கட்டியதோ, அதே அவஸ்தை. இத்தனையும் முடிவதற்குள் பன்றி மல்லாட்டையைத் தின்று, கை கழுவி, வெற்றிலையும் போட்டிருக்கும். உரிமம் இல்லாமல் கிடைப்பது .177 ஏர் ரைபிள் ஒன்றுதான். அதுவும் அதன் ஆற்றல் 20 ஜூலுக்குள் அடங்க வேண்டும். பலூனுக்கு அது எமன்.

"எல்லாம் தாண்டி வாங்கிட்டீங்கன்னு வெச்சுக்குவோம்" என்று நண்பர் அடுத்த கோப்பைத் திறந்தார். "தேர்தல் வந்தா ஸ்டேஷன்ல ஒப்படைக்கணுமே?"

இதை மற்ற மாவட்டத்துக்காரர்கள் சாதாரணமாக எடுத்துக்கொள்ளலாம். நாங்கள் முடியாது. 2019 ஏப்ரலில் மக்களவைத் தேர்தல். அதே வருஷம் அக்டோபரில் விக்கிரவாண்டி இடைத்தேர்தல். 2021 ஏப்ரலில் சட்டமன்றம். அக்டோபரில் ஊரக உள்ளாட்சி. முக்கால்வாசித் தமிழ்நாடு அதை 2019 கடைசியிலேயே முடித்துவிட்டது, மாவட்டம் பிரித்த வகையில் எங்களுக்குத் தனியாக. 2022 பிப்ரவரியில் நகராட்சி. 2024 ஏப்ரலில் மறுபடி மக்களவை. ஜூலையில், நம்பினால் நம்புங்கள், மறுபடி விக்கிரவாண்டி இடைத்தேர்தல். எங்கள் பக்கத்தில் துப்பாக்கி வைத்திருப்பவருக்கு, பெண்ணை உள்ளூரிலேயே கட்டிக்கொடுத்தவரைப் போல, போலீஸ் ஸ்டேஷனுக்குக் கொண்டுவிடுவதும் கூட்டிவருவதுமாகவே பொழுது போய்விடும். அந்த நாட்களில் பன்றிக்கு மட்டும் நடத்தை விதி கிடையாது. கூட்டமாகக் கூடலாம், ராத்திரி பத்து மணிக்கு மேல் ஊர்வலம் போகலாம், எந்தப் பார்வையாளரும் கேட்க மாட்டார்.

மாமாவிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். கடைசியாக, 2025 ஜனவரியில் அப்போதைய வனத்துறை அமைச்சர், எங்கள் மாவட்ட அரசியலின் பழைய முகமான பொன்முடி, சட்டமன்றத்தில் அறிவித்ததையும் சொன்னேன். காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் வரும் பன்றியைத் தொடக் கூடாது. ஒன்றிலிருந்து மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடலாம். மூன்றைத் தாண்டினால் சுடலாம். அதுவும் வனத்துறையினர் மட்டும்.

"நம்ம கொல்லி எத்தினி கிலோமீட்டர்?"

"ரெண்டரை இருக்கும் மாமா."

வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "இன்னும் அரை கிலோமீட்டர் தள்ளி நெலம் வாங்கியிருந்தா சர்க்காரே வந்து சுட்டிருப்பான்" என்றார். அந்தக் காலத்தில் அரை கிலோமீட்டர் தள்ளி இருந்த நிலம்தான் விலை அதிகம். எங்கள் தாத்தா மலிவாக வேறு எதுனா இருக்குதா என்று கேட்டு வாங்கியது இது.

அடுத்த வாரம் மாமா காலை பஸ்ஸில் திண்டிவனம் வந்து இறங்கினார். கையில் காலிக் கோணிப்பை. நான் ரோஸி நோட்டை எடுத்து வைத்தேன். அவர் என்னைத் தாண்டி நேரே என் மனைவியிடம் போனார்.

"ஏம்மா, கட்டாத சேலை எதுனா இருந்தா குடு. கொல்லியச் சுத்திக் கட்டணும். கலரு காத்துல ஆடுனா பன்னி உள்ள வராதாம். எங்க பக்கத்துல அல்லாரும் கட்டிட்டாங்க."

அவள் பீரோவைத் திறந்து ஒவ்வொன்றாகக் கட்டிலில் போட்டாள். மாமா பார்த்துக்கொண்டே வந்தவர், மடிப்புக் கலையாத ஒரு சிவப்புச் சேலை மேல் கையை வைத்தார். "இதப் பாத்தா பன்னி நிக்காது."

"அது ஆரணிப் பட்டு சித்தப்பா" என்று பிடுங்கி உள்ளே வைத்தாள். "பன்னிக்குப் பூனம் சேலை போதும்."