நிக்குமா?

கண்ணமங்கலம் கூட்ரோட்டில் புது வண்டியை நிறுத்தினால் டீக்கடை பெஞ்சிலிருந்து வரிசையாகக் கேள்வி வரும். என்ன விலை? எவ்வளவு மைலேஜ்? எவ்வளவு ஸ்பீடு போவும்? "நிக்குமா?" என்று இன்றுவரை ஒருவரும் கேட்டதில்லை. எங்கள் வேலூர்–திருவண்ணாமலை சாலையில் நிறுத்துவது பிரேக்கின் வேலையில்லை, ஆரனின் வேலை. பௌர்ணமியன்று கிரிவலத்துக்குப் போகிற பஸ்களைப் பார்த்தால் யாருக்கும் இது விளங்கிவிடும்.

என்னுடையது டியாகோ ஜேடிபி. கோயம்புத்தூர் ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸும் டாடாவும் கூட்டுச் சேர்ந்து 2018-இல் இறக்கியது. 1.2 லிட்டர் டர்போ, 114 குதிரைத்திறன், பத்து விநாடிக்குள் நூறைத் தொடும் என்று கம்பெனியே சொன்னது. ரெண்டே வருஷத்தில் அந்தக் கூட்டு கலைந்துபோனதால் வண்டிக்கு இப்போது கொஞ்சம் பழம்பெருமையும் சேர்ந்துவிட்டது. பானட்டில் இருக்கும் காற்றுத் துவாரத்தைக் கவனிக்காதவர்களுக்கு அது சாதா டியாகோதான். நைனா கவனித்துவிட்டார். "மழ பேஞ்சா உள்ள தண்ணி எறங்காதா?" என்றார். 1976-இல் ஜெர்மனியில் கோல்ஃப் ஜிடிஐ கிளப்பிவிட்ட குட்டிக்கார்ப் பைத்தியம், கொங்கு நாட்டு வழியாக எங்கள் பட்டுத் தறித் தெருவுக்குள் நுழைந்தபோது அதற்குக் கிடைத்த வரவேற்பு இவ்வளவுதான்.

ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூர் போய்விட்டு இறங்கும்போதுதான் விஷயம் ஆரம்பித்தது. ஒவ்வொரு வளைவிலும் பெடல் முந்தின வளைவைவிட இன்னும் கொஞ்சம் கீழே போனது. காரணம் எளிது. வேகம் இரண்டு மடங்கானால் வண்டி சுமக்கும் சக்தி நாலு மடங்காகும். அதை அத்தனையையும் சூடாக மாற்றித் தொலைப்பதுதான் பிரேக்கின் பிழைப்பு. பிரேக் ஆயிலோ காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். டாட் 4 ஆயில் புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். ஈரம் ஏறிய பிறகு 155 தாங்கினால் போதும் என்பது கணக்கு. கொதித்தால் குழாய்க்குள் ஆவி. ஆவியை மிதித்தால் அது அமுங்குமே தவிர டிஸ்க்கைப் பிடிக்காது. பக்கத்து சீட்டில் இருந்த மச்சான் அதுவரை சொல்லிக்கொண்டிருந்த அரசியலை நிறுத்திவிட்டு, படவேட்டு ரேணுகாம்பாளுக்கு ஏதோ வேண்டிக்கொண்டான்.

வீட்டுக்கு வந்ததும் பிரேக்கை நானே மேம்படுத்துவது என்று முடிவு செய்தேன். கோவணத்தைக் காக்கப் பூனை வளர்த்த சாமியார் கதைதான் இது. பெரிய டிஸ்க் போட்டால் அதற்குப் பெரிய கேலிபர் வேண்டும். அந்தக் கேலிபர் இப்போதுள்ள 15 அங்குலச் சக்கரத்துக்குள் அடங்காது. பெரிய சக்கரம் என்றால் டயர். டயருக்குப் பிறகு, என் மனைவி சொன்னபடி, வேறு வீடு. நல்லவேளையாக 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றி வண்டி ஓட்டக் கூடாது என்று தீர்ப்புச் சொல்லியிருந்தது. அதே அளவு டிஸ்க், கொஞ்சம் ஒசத்தியான பேட், புது ஓஸ், புது ஆயில் என்று பட்டியல் சுருங்கியது. அந்த நீதிபதிகளுக்கு என் மனைவி இன்றும் நன்றியோடிருக்கிறாள்.

சாமான் வாங்கச் சென்னை போனேன். இந்தியாவில் பிரேக்குக்குத் தலைநகரம் என்று ஒன்று இருந்தால் அது பாடிதான். பிரேக்ஸ் இந்தியா 1962-இல் தொடங்கியது அங்கே. சுந்தரம் பிரேக் லைனிங்ஸ் அங்கே. பக்கத்து அம்பத்தூரில் ரானே. இத்தனையும் இருந்தும் பாடி மேம்பாலத்தில் எல்லாரும் ஆரனைத்தான் அமுக்குகிறார்கள். ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக் கடைக்காரரோ என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "இந்த வண்டிக்கு எல்லாரும் சவுண்டு வர்ற சைலன்சர் கேப்பாங்க சார்." 1953-இல் லெமான்ஸ் பந்தயத்தில் ஜாகுவார் ஜெயித்ததற்கு டிஸ்க் பிரேக் பெரிய காரணம், மற்றவர்கள் முன்கூட்டியே பிரேக் பிடித்த இடத்தில் அவர்கள் இன்னும் ஆக்சிலேட்டரை அமுக்கிக்கொண்டிருந்தார்கள் என்று விளக்கினேன். பில் போட்டுக் கொடுத்தார்.

வேலை செய்ய இடம்தான் சிக்கல். எங்கள் வீட்டுக் கூடத்தில் தறி ஓடுகிறது. பிரேக் தூசு பட்ட கையோடு வெள்ளைப் பட்டு நூலருகே போனால் என்ன நடக்கும் என்று அம்மா முன்கூட்டியே சொல்லிவிட்டாள். ஆகவே பின்வாசல் வழியாகத்தான் நடமாட்டம், சவுக்காரம் போட்டு முழங்கை வரை கழுவிய பிறகே சோறு. ஒரு மூட்டை பனியன் வேஸ்ட் தீர்ந்தது. துருவேறி ஹப்போடு ஒட்டிக்கொண்ட டிஸ்க்கை அடித்துக் கழற்றிய சத்தத்தில் தெருவே எட்டிப் பார்த்தது.

டிஸ்க்கும் பேடும் மாட்டுவது பெரிய வித்தையில்லை. ஓஸில் புகுந்த காற்றை வெளியேற்றுவதுதான் வித்தை. ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க வேண்டும். இன்னொருவர் சக்கரத்தடியில் படுத்து நிப்பிளைத் திறந்து மூட வேண்டும். மூடும்வரை மிதித்தவர் காலை எடுக்கக் கூடாது. எடுத்தால் வெளியே போன காற்று திரும்ப உள்ளே வரும். மச்சான் எடுத்தான். ஒவ்வொரு முறையும், "இப்ப விடலாமா?" என்று கேட்டுக்கொண்டே எடுத்தான். நிப்பிளில் மாட்டியிருந்த மீன்தொட்டிக் குழாயில் குமிழி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்வந்து கொண்டிருந்தது.

தறியை விட்டு எழுந்து வந்தார் நைனா. செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு சீட்டில் உட்கார்ந்தார்.

"அமுக்கு நைனா."

"ம்."

"புடி."

"புடிச்சிகினுதான் கீறேன். நீ ஆவற வேலையப் பாரு."

வாழ்நாள் முழுக்கக் குழித்தறியில் மிதி மிதித்த கால். விடு என்று சொல்லும்வரை ஒரு நூலிழை அசையவில்லை. நாலு சக்கரமும் முடிந்து பெடல் கெட்டிப்பட்டது. "இதுக்குத்தான் மெட்ராஸ் போய் வந்தியா?" என்று கேட்டுவிட்டுத் தறிக்குப் போனார்.

புதுப் பேடைப் பழக்க வேண்டும். அறுபதில் போய், பத்துக்கு இறக்கி, முழுக்க நிறுத்தாமல் மறுபடி அறுபது. சந்தவாசலிலிருந்து படவேடு போகும் ரோட்டில் இதைச் செய்தேன். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் நாலைந்து முறை பார்த்துவிட்டுக் கை காட்டி நிறுத்தினார். "கிளச்ச மெதுவா வுடு கண்ணு. எம் பேரனும் இப்டித்தான் கத்துக்கினான்."

இத்தனை பாட்டின் பலன் ஒரு விடிகாலையில் தெரிந்தது. எங்கள் தெருவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாகப் பாவை நீட்டிக் கஞ்சி போட்டுக்கொண்டிருந்தார்கள். திருப்பத்தில் அதைப் பார்த்து மிதித்தேன். பாவுக்கு முன்னால், தாராளமாக இடம் விட்டு, வண்டி நின்றது. பல சேலைக்கான பட்டு தப்பித்தது. யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பார்த்த ஒருவரும், "இவ்ளோ மெதுவா போறதுக்கா டர்போ?" என்றார்.

நைனா மட்டும் மறுநாள் தன் டிவிஎஸ் எக்ஸெல்லைத் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தினார். பின் பிரேக்கின் நட்டை ரெண்டு சுற்று இறுக்கிக் கொடுத்தேன். ஐந்து நிமிஷ வேலை. தெரு முனை வரை ஓட்டிப் பார்த்தார், திரும்பினார், டீக்கடையில் சொன்னார். இப்போது ஞாயிற்றுக்கிழமையானால் நெசவுத் தெரு எக்ஸெல்லெல்லாம் எங்கள் வாசலில் வரிசை கட்டி நிற்கின்றன. நான் குனிந்து நட்டு இறுக்குகிறேன். திண்ணையில் உட்கார்ந்து வண்டிக்கு இருபது ரூபாய் வசூல் செய்பவர் நைனா.