சேறு போட்ட சாயம்

கேள்வி: திருப்பூர் நஞ்சராயன் குளத்துச் சேற்றில் சிட்டுக்குருவியளவே உள்ள உள்ளான் ஒன்றைக் கண்டேன். கால் மஞ்சள், அபூர்வப் பட்சிதானா?

பதில்: பனியன் துணியின் இரண்டு ஷேடுகளுக்கிடையே உள்ள சூட்சும பேதத்தை ஒரே பார்வையில் உணரும் திருப்பூர்க் கண்ணுக்கு இது அசாத்தியமன்று; எனினும் அவசரம் வேண்டாம். துருவப் பிரதேசத்திலிருந்து வரும் கொசு உள்ளானுக்குக் கால் கறுப்பு. ஆனால் மஞ்சட்காலும் சேற்றில் தோய்ந்தால் கறுத்துத் தோன்றுமாதலால், அது கழுவப்படும் வரை காத்திருப்பதே உத்தமம். மஞ்சள் நிச்சயமானால் முதுகைப் பாருங்கள். அச்சிடாத துணிபோல் வெறும் பழுப்பாயிருந்து, பறக்கையில் வாலோரம் வெண்மை காட்டினால் அது டெம்மிங்க் கொசு உள்ளான். முதுகெங்கும் கருங்கீற்றுகள் ஓடி, நடுவிரலும் நீண்டிருந்தால், தென்னாட்டில் அரிதாகவே தென்படும் நீள்விரல் கொசு உள்ளான்.

2022இல் சரணாலயமாகவும், 2024இல் ராம்சர் தலமாகவும் கௌரவம் பெற்ற இக்குளத்தில், சாய நஞ்சு நீரில் மிகுந்தால் சேற்றுப் புழு வாழாது. புழு வாழ்ந்தாலன்றி அந்த அதிதியும் வாராது. சாயம் துணியில் நிற்கட்டும், நீரில் கலவாதிருக்கட்டும்.