அரைப்பேர் வீரன்

ஹட்டன் பக்கம் மழை பிடித்துக்கொண்டால் தேயிலைத் தோட்ட லயத்தில் இரண்டு வேலைதான்: கூரை ஒழுகும் இடத்துக்குச் சட்டி வைப்பது, கைபேசியில் 'டிராகன் குவெஸ்ட்' ஆடுவது. 1986இல் யூஜி ஹோரி வடிவமைத்த ஜப்பானிய ஆட்டம். பின்னால் வந்த எத்தனையோ ஆட்டங்களுக்குத் தாத்தா.

அதில் நான் உலகைக் காக்கப் பிறந்த மாவீரன். வாளோடு கிளம்பினால், எதிரே நீலநிறச் சொட்டு ஒன்று இளித்துக்கொண்டு நிற்கிறது. ஸ்லைமாம். அடித்தால் அனுபவப் புள்ளி 1. அடுத்த படிக்கு 7 வேண்டும். மொத்தம் 30 படி. ஆக, அதே மேட்டில் நட, அதையே அடி, காசு சேர், விடுதியில் படு, மறுபடி அடி. செத்தாலோ மன்னர் எழுப்பிவிடுவார்; கையிலிருந்த காசில் பாதி போய்விடும்.

முப்பது வருசம் கொழுந்தெடுத்த அம்மாயி எட்டிப் பார்த்தார். "கிலோ கொறஞ்சா அரைநாள் சம்பளம் போடுற மாதிரி இங்கயும் அரைப்பேரா? இதுக்கா தம்பி ஒன்னையப் படிக்க வச்சோம்?"

பதில் இல்லை. ஆனால் அந்த மன்னர், அடுத்த படிக்கு இன்னும் எத்தனை புள்ளி என்று போனதும் சொல்லிவிடுகிறார். நமக்கு நாளுக்கு 1000 ரூபாய் சம்பளம் வர்த்தமானியில் ஏறவே 2021 ஆனது.

ரோசம் வந்து அணைத்துவிட்டேன். பத்து நிமிடம் போயிருக்காது.

"அந்த நீலக் குஞ்சு எங்கடா?" என்றார் அம்மாயி.

இப்போது பன்னிரண்டாம் படியில் இருக்கிறோம்.